அரசு சேவை ஆன்லைனுக்கு வந்தது: குறைந்தது அலைச்சலா, நெரிசலா?

செங்குன்றம்சாலை (இழையைத் தொடங்கியவர்) · சனி, காலை 10.12

வணக்கம். போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அப்பாவின் பழைய கோப்பு ஒன்று கையில் கிடைத்தது. 1994-ல் எங்கள் மனையை வாங்கியபோது எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனார், யாரைப் பார்த்தார், பேருந்துக்கு எவ்வளவு ஆனது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். வில்லங்கச் சான்றுக்கு மட்டும் நான்கு தேதிகள். பட்டா பெயர் மாற்றத்துக்குப் பதினோரு தேதிகள். சில தேதிகளுக்கு எதிரே "கேம்ப்" என்று மட்டும் இருக்கிறது. அதிகாரி வெளியூர் போயிருந்தார் என்று அர்த்தம். அப்பா அன்றைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

என் கணக்கையும் அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். மகளின் பிறப்புச் சான்றை மாநகராட்சி இணையதளத்தில் இறக்கிக்கொண்டேன், ஒரு பயணமும் இல்லை. வில்லங்கம் பார்த்தது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான். ஈ.பி. பில் கட்டப் போய் வருடக்கணக்காகிறது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க ஒரு முறை போனேன். பட்டாவுக்கு மூன்று முறை.

ஆக, என் குடும்பத்தில் மட்டும் எத்தனையோ பயணங்கள் மிச்சம். லட்சக்கணக்கான குடும்பங்களில் இதே கதைதான் நடந்திருக்கும். ஆனால் செங்குன்றத்திலிருந்து பாரிமுனைக்கு அப்பா பேருந்தில் போன நேரத்தைவிட எனக்கு இப்போது பைக்கில் கூடுதலாக ஆகிறது. அந்த மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? உங்கள் அனுபவத்தையும் தெரிந்த விவரத்தையும் எழுதுங்கள்.

---

நெல்லைச்சீமை · சனி, காலை 11.03

நல்ல கேள்வி அண்ணா. எனக்கு உடனே நினைவுக்கு வருவது பொறியியல் கலந்தாய்வு.

2009-ல் எனக்கு அழைப்புக் கடிதம் வந்தது. கலந்தாய்வு நடந்த ஒரே இடம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். அப்பா, நான், கூடவே "சென்னை தெரியும்" என்று ஒரு சித்தப்பா. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம், காலையில் எழும்பூர். அங்கே ஒரு லாட்ஜில் குளிப்பதற்கு மட்டும் அறை எடுத்தோம். அப்புறம் மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சர்தார் படேல் சாலை. வாசலிலேயே கூட்டம். உள்ளே மரத்தடி முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். என் முறை வந்து நான் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஆன நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்று பேர், இரண்டு இரவு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், அதே தூரம் திரும்பி வந்தோம்.

ஒரு பருவத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அழைப்பார்கள். கூடவே வரும் பெற்றோர். அரசுப் பேருந்தில் மாணவருக்கும் துணைக்கு வருபவருக்கும் அப்போது பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. இத்தனை பேர் பயணம் செய்தாக வேண்டும் என்று அரசுக்கும் தெரியும், அதற்காகத்தான் அந்தச் சலுகை.

2018-ல் கலந்தாய்வு முழுக்க ஆன்லைனுக்குப் போனது. அந்த ஆண்டு சான்றிதழ் சரிபார்ப்புக்கு மாநிலம் முழுக்க 42 உதவி மையங்கள் வைத்தார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் சரிபார்ப்பும் ஆன்லைனாகிவிட்டது. என் தங்கை தன் இடத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்தாள். அன்றைக்கு அப்பா வயலுக்குப் போய்விட்டு மதியம் வந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

கிண்டியில் ஜூலை மாதப் போக்குவரத்து இதனால் குறைந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு பயணமே இல்லாமல் போனது என்பது உறுதியாகத் தெரியும்.

---

நாற்சந்தி · சனி, மதியம் 12.40

போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்கிறேன். தொடக்கப் பதிவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நகரச் சாலை திணறுவது காலை 8.30-லிருந்து 10.30 வரையும் மாலை 5-லிருந்து 8 வரையும். அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்கோ பள்ளி கல்லூரிக்கோ போகிறவர்கள். தாலுகா அலுவலகத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் 11 மணிக்குத்தான் போய்ச் சேர்வார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பப் பார்ப்பார். அதனால் இந்தப் பயணங்கள் முழுவதுமாக மறைந்தாலும் காலை நெரிசலில் பெரிய மாற்றம் தெரியாது.

இன்னொன்று. 1962-லேயே ஆந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைப் பற்றி எழுதினார். உச்ச நேரத்தில் ஒரு சாலையில் கொஞ்சம் இடம் கிடைத்தால், அது அப்படியே காலியாக இருக்காது. வேறு சாலையில் போனவர் இங்கே வருவார். நெரிசலுக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பியவர் வழக்கமான நேரத்துக்குத் திரும்புவார். பேருந்திலோ ரயிலிலோ போனவர் வண்டியை எடுப்பார். நீங்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவ்வளவுதான். 1994-க்கும் இன்றைக்கும் இடையில் சென்னையில் கூடிய இருசக்கர வாகனங்களையும் கார்களையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் மிச்சம் எல்லாம் அதில் கரைந்துபோனது.

அதற்காக ஆன்லைன் சேவையால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பயனைச் சாலையில் தேடினால் கிடைக்காது என்கிறேன்.

---

கோவை_ஆவணம் · சனி, மதியம் 2.15

நாற்சந்தி சொன்னது ஊர் முழுவதற்கும் சரியாக இருக்கலாம். ஒரு தெருவுக்குச் சரியில்லை. இருபது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போட்டுவிட்டு, நாலைந்து நாள் கழித்து வந்து வாங்குவார்கள். உள்ளே ஒருவர் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதித் தர வேண்டும். வங்கிக் கடனுக்கு, வீடு விற்க, வழக்குக்கு என்று எல்லாவற்றுக்கும் ஈ.சி. வேண்டும். பதிவாளர் அலுவலகத் தெருவில் நிற்கும் வண்டிகளில் பாதி ஈ.சி.க்கு வந்தவை. இப்போது பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் காசில்லாமல் வில்லங்கம் பார்க்கலாம், பல அலுவலகங்களுக்கு 1975 முதல் இருக்கிறது. நிலத்துக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் அங்கேயே தெரியும். அந்தக் கூட்டம் சுத்தமாகப் போய்விட்டது.

பத்திரப் பதிவுக்கு வரும் கூட்டம் போகவில்லை. அதற்குப் பெரும்பாலும் ஆளே நேரில் வந்து கைரேகை வைத்தாக வேண்டும். டோக்கன் முறை வந்ததால் ஒரு நாளைக்கு இத்தனை என்று அளவு இருக்கிறது. ஆனால் முகூர்த்த நாளில் பாருங்கள். ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் வழக்கமான 100 டோக்கனை அன்றைக்கு 150 ஆக்குவார்கள், இருவர் இருந்தால் 200 என்பது 300 ஆகும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் 10.30-லிருந்து 12 வரை ராகுகாலம். அலுவலகம் திறந்த அரைமணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். முடியாதவர்கள் 12 வரை தெருவிலேயே காத்திருப்பார்கள். வாங்குபவர், விற்பவர், சாட்சி இருவர், அவரவர் குடும்பம், புரோக்கர். ஒரு பத்திரத்துக்கு மூன்று கார்.

நேரம் குறித்த டோக்கனைக் கணினி கொடுத்துவிடும். மக்கள் அவரவர் நல்ல நேரத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வாழ்நாளில் ஒரு முறை வாங்கும் வீடு. ஆனால் நெரிசலைக் கணக்குப் போடுகிறவர்கள் பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

நாற்சந்தி · சனி, மதியம் 2.51

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தெரு அளவில் இதன் தாக்கம் நன்றாகவே தெரியும். நான் நகரத்தை மொத்தமாக வைத்துப் பேசிவிட்டேன். ராகுகாலத்தை எந்தப் போக்குவரத்து ஆய்விலும் ஒரு காரணியாக நான் பார்த்ததில்லை. அடுத்த முறை பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் வண்டிகளை எண்ணும்போது முகூர்த்த நாளையும் சாதாரண நாளையும் தனித்தனியாக எண்ணச் சொல்வேன்.

---

மையத்து_அக்கா · சனி, மாலை 4.30

நான் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். 2023-ல் தனிநபர்களும் மையம் நடத்தலாம் என்று திட்டம் வந்தபோது எடுத்தது. சென்னைக்கு வெளியே, புறநகர். "பயணமே இல்லை" என்று எழுதுகிறவர்களுக்கு என் கடையிலிருந்து கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எல்லோர் வீட்டிலும் கணினியோ ஸ்கேனரோ இல்லை. போன் இருந்தாலும் அதில் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். வருவாய்த்துறைச் சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். தாலுகா அலுவலகம் எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தூரம். என் கடைக்கு நடந்து வந்துவிடலாம். பெண்கள் சமையலை முடித்துவிட்டு, பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் வந்து போகிறார்கள். இதைப் பெரிய மாற்றமாகத்தான் நான் பார்க்கிறேன். பயணம் மறையவில்லை, சுருங்கியிருக்கிறது. பேருந்துப் பயணம் நடைப்பயணமாகிவிட்டது.

ஆனால் ஒரே முறை வந்து முடித்துக்கொண்டு போகிறவர் பாதிப் பேர்கூட இல்லை. காரணம் என்ன தெரியுமா? ஓ.டி.பி. ஆதாரில் பழைய எண் இருக்கும், அந்த சிம் எப்போதோ போயிருக்கும். அல்லது எண் கணவருடையது, அவர் வேலைக்குப் போயிருப்பார், போன் செய்து கேட்டால் எடுக்க மாட்டார். ஆதாரில் எண் மாற்ற வேறு மையத்துக்குப் போக வேண்டும், அந்த வசதி என்னிடம் கிடையாது. அங்கே வரிசை. எண் மாறிய பிறகு மறுபடி என்னிடம். அப்புறம் பெயரில் இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால், ஓர் ஆவணத்தில் பின்னால். அதற்கு ஒரு நடை.

விண்ணப்பம் போட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கணினியிலேயே மேலே போகும். நடுவில் யாராவது "அசலைக் கொண்டு வாங்க" என்று போன் செய்தால் அதற்கு ஒரு நடை. அந்த நடை எங்கேயும் பதிவாவதில்லை. விண்ணப்ப நிலையில் "பரிசீலனையில்" என்று மட்டும் காட்டும்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று குறுஞ்செய்தி வந்தவர்கள் இ-சேவை மையம் வழியாக 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை வரை நின்றது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். ஒரு குறுஞ்செய்தி அத்தனை பேரை ஒரே நாளில் வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டது. நாளைப் பிரித்து, வார்டு வாரியாக அனுப்பியிருந்தால் அவர்கள் அப்படி நிற்க வேண்டியிருந்திருக்காது.

---

தண்டவாளம் · சனி, மாலை 5.05

அக்கா சொன்ன கடைசி விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 நவம்பர் இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதும் இதுதான் நடந்தது. ஆன்லைனில் செய்யலாம் என்றாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம் வைக்க வேண்டியிருந்தது, மக்கள் அங்கேதான் போனார்கள். புதிதாக ஓர் இணைப்பு, ஒரு கெடு என்று வரும்போதெல்லாம் புதிதாகப் பயணங்கள் பிறக்கின்றன. ஆன்லைன் சேவை பயணத்தைக் குறைக்கும் என்பது பாதிதான் உண்மை. அதற்கு வேண்டிய தகுதிகளைச் சேர்ப்பதற்காகவே மக்கள் நடக்கிறார்கள்.

போக்குவரத்தை நேராகத் தொடும் சேவை என்றால் டிக்கெட்தான். சென்னைப் புறநகர் ரயிலில் 2015-ல் கைப்பேசி டிக்கெட் வந்தது. அதற்கு முன்னால் தாம்பரத்தில் காலை நேரத்தில் டிக்கெட் கவுண்ட்டர் வரிசையில் நின்று இரண்டு ரயிலை விட்டவன் நான். வரிசையைப் பார்த்தே பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் என் நண்பர்களில் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் சென்னை ஒன் செயலி வந்து, மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறது. ஒருவர் பைக்கை விட்டு ரயிலுக்கு வந்தால், அது தினமும் இரண்டு முறை, அதுவும் உச்ச நேரத்தில், சாலையிலிருந்து ஒரு வண்டி குறைவது. வருடத்துக்கு ஒரு முறை தாலுகா அலுவலகம் போகாமல் இருப்பதும் இதுவும் ஒன்றாகுமா?

---

நாற்சந்தி · சனி, மாலை 5.22

தண்டவாளம் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. டிக்கெட் எளிதானால் மட்டும் போதாது, ரயிலும் பேருந்தும் அடிக்கடி வர வேண்டும். ஃபாஸ்டேக்கைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கினார்கள். சாதாரண நாளில் சுங்கச்சாவடியில் நிற்கும் நேரம் குறைந்ததை எல்லோரும் உணர்ந்தோம். பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியில் போய் நில்லுங்கள். அங்கே தடை காசு கொடுப்பதில் இல்லை. அத்தனை வண்டி ஒரே நேரத்தில் வருகிறது.

---

பொன்மலை_பணிநிறைவு · சனி, இரவு 7.48

நான் ரயில்வேயில் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 74. எங்களைப் போன்ற மத்திய ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். திருச்சிப் பக்கம் நவம்பர் என்றால் அடைமழைக் காலம். வங்கிக்குப் போய் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, மேலாளர் முகம் பார்த்து முத்திரை வைப்பார். குடையோடு, முழங்கால் வலியோடு போவோம். ஆட்டோக்காரர்கள் அந்த மாதத்தில் எங்களை வங்கி வாசலில் இறக்கி ஏற்றியே பிழைத்தார்கள்.

2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் சான்று வந்தது. கைரேகை வைக்க வேண்டும். பணிமனையில் முப்பது வருடம் இரும்போடு வேலை செய்தவன் கையில் ரேகை ஏது? கருவி ஏற்காது. எனக்கு உண்மையான விடுதலை வந்தது 2021 நவம்பரில், முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் முறை வந்த பிறகு. மருமகள் தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள், இமைக்கச் சொன்னாள், முடிந்தது. பக்கத்து வீட்டு நண்பருக்கும் அவளே செய்து கொடுத்தாள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அந்த வங்கி வரிசையில்தான் வருடத்துக்கு ஒரு முறை பழைய ஆட்களைப் பார்ப்போம். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று அங்கேதான் தெரியும். இப்போது யாருக்கும் வர வேண்டிய அவசியமில்லை. அதனால் நாங்கள் சிலர் நவம்பர் முதல் ஞாயிறு காலையில் ரயில்வே மைதானத்துப் பக்கம் கூடுவது என்று வைத்துக்கொண்டோம். ஆக, நான் இன்னும் நவம்பரில் பயணம் போகிறேன். ஆனால் அது நானாகப் போகும் பயணம். மழை பெய்தால் போக மாட்டேன்.

---

செங்குன்றம்சாலை · சனி, இரவு 8.20

ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போகச் சொல்றதுக்கும் நாமளாப் போறதுக்கும் வித்தியாசம் உண்டுல்ல" என்றார். அந்த நோட்டில் அவர் எழுதியிருக்கும் பதினோரு தேதிகளும் போகச் சொன்னதால் போனவை.

---

மாடிப்படி · ஞாயிறு, காலை 9.10

என் அம்மா பத்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இந்த இழையில் எல்லோரும் பயணத்தைப் பேருந்துக் கட்டணத்திலும் நேரத்திலும் அளக்கிறீர்கள். எங்களுக்கு ஒரு பயணம் என்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும், நாற்காலியை மடித்து வைக்க இடம் உள்ள வண்டி கிடைக்க வேண்டும், போகிற இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கைரேகை வைத்தோம். கருவி மூன்று முறை ஏற்கவில்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவே இல்லை.

2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். கைரேகைக் கருவியையும் வண்டியிலேயே கொண்டு வருகிறார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து விரலை வைத்தார். இதை ஆன்லைன் சேவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்தக் கருவியும் இணையமும் இல்லாமல் இது நடக்காது. தெருவில் முப்பது வீட்டிலிருந்து முப்பது பேர் கடைக்குப் போவதற்குப் பதில் ஒரு வண்டி தெருவுக்கு வருகிறது. நாற்சந்தி இதைக் கணக்கில் எடுப்பாரா?

---

நாற்சந்தி · ஞாயிறு, காலை 10.35

எடுக்க வேண்டும். நேற்றிரவு முழுக்க இந்த இழையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறையில் ஒரு குறை இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பயணக் கணக்கெடுக்கும்போது "வேலை, கல்வி, கடை, மருத்துவம், மற்றவை" என்று பிரித்துக் கேட்போம். அரசு அலுவலகத்துக்குப் போவதெல்லாம் "மற்றவை"க்குள் விழுந்துவிடும். அதிலும் முதல் முறை போனதா, "நாளைக்கு வா" என்று அனுப்பி மறுபடி போனதா என்று கேட்பதே இல்லை. செங்குன்றம்சாலையின் அப்பா நோட்டில் இருக்கும் விவரம் எங்கள் கையில் இல்லை. பதினோரு பயணத்தில் ஒன்றுதான் வேலைக்கான பயணம், பத்து வீண் அலைச்சல். அந்தப் பத்தையும் ஒன்றையும் ஒரே எடையில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நெரிசல் என்பது சாலையின் கணக்கு, அலைச்சல் என்பது ஆளின் கணக்கு. தமிழில் அந்த இரண்டாவது சொல் இருப்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. என் அறிக்கைகளில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

---

கோவை_ஆவணம் · ஞாயிறு, காலை 11.20

அலைச்சல் குறைந்ததற்கு இன்னும் சில. 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி. புத்தகமும் தபாலில்தான் வருகின்றன, நேரில் கொடுப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமத்துக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. ஜூலையில் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நிலத்தை அளக்கும் வேலைக்கு மட்டும் எந்த இணையமும் போதாது. உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைத் துண்டாகப் பிரிக்காத பட்டா மாற்றம் கணினியிலேயே நடந்துவிடுகிறது. உட்பிரிவு உள்ளதற்கு நில அளவர் வந்து சங்கிலி போட்டாக வேண்டும். அவர் வரும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். செங்குன்றம்சாலையின் மூன்று நடை இதில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

---

செங்குன்றம்சாலை · ஞாயிறு, மதியம் 12.05

அதேதான் ஐயா. மூன்றில் இரண்டு, அளக்க வருகிறேன் என்று சொல்லி வராத நாட்கள். அளப்பதற்கு ஆள் வர வேண்டும் என்பது புரிகிறது. எத்தனை மணிக்கு வருவார் என்பதை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்ப முடியும் அல்லவா? சமையல் எரிவாயு சிலிண்டருக்கே வருகிறது.

---

நெல்லைச்சீமை · ஞாயிறு, மதியம் 12.31

ஒரு சந்தேகம், நாற்சந்தி அண்ணா. ஆன்லைனில் எளிதாகக் கிடைப்பதால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சான்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் தங்கை கல்லூரியில் வருமானச் சான்று புதிதாக வேண்டும் என்று வருடா வருடம் கேட்டார்கள். சான்று வாங்குவது கஷ்டமாக இருந்த காலத்தில், ஒரு முறை வாங்கியதை லேமினேட் செய்து வைத்து அதையே எல்லா இடத்திலும் காட்டுவோம்.

---

மையத்து_அக்கா · ஞாயிறு, மதியம் 1.15

தம்பி சொல்வது உண்மை. ஜூன் மாதம் என் கடையைப் பார்த்தால் தெரியும். பள்ளி, கல்லூரி திறக்கும் நேரத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று சான்று, சில வீடுகளில் மூன்று பிள்ளைக்கு ஒன்பது. ஒரு முறை கொடுத்த சாதிச் சான்று அரசின் கணினியிலேயே இருக்கிறது. கேட்கிற அலுவலகம் அங்கேயே பார்த்துக்கொண்டால் அம்மாக்கள் நடக்க வேண்டாம். சான்றுகளைக் கைப்பேசியிலேயே வைத்துக் காட்டும் டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது. அதில் காட்டினால் "பிரிண்ட் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிரிண்ட்டுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். ஒரு பக்கத்துக்கு வாங்கும் காசு எனக்கு வருமானம்தான். ஆனாலும் மதிய வெயிலில் ஒரு காகிதத்துக்காக ஓடி வருகிறவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

---

தண்டவாளம் · ஞாயிறு, மதியம் 1.40

அப்படியென்றால் செய்ய வேண்டியது ஒன்று தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் "எத்தனை நாளில் கிடைக்கும்" என்று எழுதிப் போடுவது போல, "எத்தனை முறை நேரில் வர வேண்டும்" என்றும் எழுதிப் போட வேண்டும். ஒன்று என்று எழுதினால் ஒன்றுதான். இரண்டாவது முறை வரச் சொன்னால் ஏன் என்று கணினியில் பதிய வேண்டும். நாற்சந்தி கேட்கும் கட்டம் அதில் தானாக நிரம்பிவிடும்.

---

நாற்சந்தி · ஞாயிறு, மதியம் 2.02

இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிக் கேட்பேன்: "அரசு அலுவலகத்துக்குச் சென்றது இது எத்தனையாவது முறை?"

---

செங்குன்றம்சாலை · ஞாயிறு, இரவு 9.17

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஓர் உதவி. பாட்டி போன மாதம் தவறிவிட்டார். அப்பா பெயரில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு 78 வயது, அவரை ஒரு முறைக்கு மேல் வெளியே அழைத்துப் போக மனமில்லை. ஒரே நடையில் முடிக்க என்னவெல்லாம் கையில் இருக்க வேண்டும்?

---

மையத்து_அக்கா · ஞாயிறு, இரவு 9.44

பாட்டி மறைவுக்கு வருந்துகிறேன் தம்பி. இறப்புச் சான்று அசல், வாரிசுகள் எல்லோருடைய ஆதார், ரேஷன் அட்டை, பாட்டியின் முகவரிக்கு ஓர் ஆவணம், அப்பாவின் போட்டோ. அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் அவர்கள் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இனிஷியல் உட்பட. வாரிசுகளில் யாராவது ஏற்கெனவே இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்றும் வேண்டும். பெரும்பாலும் இதில்தான் திரும்பி வரும்.

திங்கட்கிழமை எந்த மையத்துக்கும் போகாதீர்கள், கூட்டம் அதிகம். செவ்வாய், புதனில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். கிளம்புவதற்கு முன்னால், அப்பாவின் ஆதாரில் இருக்கும் எண் இப்போது அவர் கையில் இருக்கும் போனில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.